எஸ்.எம்.சி. கூட்டத்துக்குப் போகும் முன்: ஊர்ப் பள்ளித் திட்டம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருப்பூர்ப் பக்கம் ஓர் ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளியில் எங்கள் பிள்ளைகள் படிக்கிறார்கள். நான் பள்ளி மேலாண்மைக் குழுவில் (எஸ்.எம்.சி.) இருப்பதால் ரேஷன் கடை வரிசையில் நின்றாலும் சரி, வாட்ஸ்அப்பைத் திறந்தாலும் சரி, யாராவது ஒருவர் அந்தக் குழுவையும் அது எழுதும் பள்ளி வளர்ச்சித் திட்டத்தையும் பற்றி ஏதாவது கேட்டுவிடுகிறார். கேள்விகளும் பெரும்பாலும் ஒன்றேதான். எனவே பதில்களை ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளை மனதில் வைத்து எழுதியது. சட்டம் பற்றிச் சொல்வது மட்டும் இந்தியா முழுக்கப் பொருந்தும்.

எஸ்.எம்.சி. என்றால் பழைய பி.டி.ஏ. தானே?

இல்லை. பெற்றோர் ஆசிரியர் கழகம் நம் ஊரில் பல பத்தாண்டுகளாக இருக்கிறது, அது ஒரு சங்கம். பள்ளி மேலாண்மைக் குழு சட்டப்படி அமைந்த குழு. 2009ல் வந்து 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தின் 21ஆம் பிரிவு இதைச் சொல்கிறது. பள்ளி எப்படி நடக்கிறது என்று கண்காணிப்பது, வளர்ச்சித் திட்டம் தயாரிப்பது, வந்த பணம் எப்படிச் செலவாகிறது என்று பார்ப்பது, இந்த மூன்றும் குழுவின் வேலை.

அடுத்த பிரிவு, 22, அதைவிட முக்கியம். குழு தயாரிக்கும் வளர்ச்சித் திட்டத்தை அடிப்படையாக வைத்துத்தான் அரசோ உள்ளாட்சியோ அந்தப் பள்ளிக்குத் திட்டமும் மானியமும் போட வேண்டும் என்கிறது. அதாவது மேலே இருப்பவர்கள் தீர்மானித்து அனுப்புவதற்கு நாம் கையெழுத்துப் போடுவது இல்லை, நாம் எழுதுவதிலிருந்து அவர்கள் ஆரம்பிக்க வேண்டும். நடைமுறையில் தலைகீழாக நடக்கிறது என்பது வேறு விஷயம். ஆனாலும் சட்டம் நம் பக்கம் இருக்கிறது என்று தெரிந்துகொண்டு பேசினால் பேச்சே மாறிவிடும்.

ஒரு விதிவிலக்கு: அரசு உதவி பெறும் பள்ளிகளில் இந்தக் குழுவுக்கு ஆலோசனை சொல்லும் அதிகாரம் மட்டும்தான். 2012 திருத்தத்தில் அப்படி ஆக்கிவிட்டார்கள்.

குழுவில் யார் யார் இருப்பார்கள்?

நான்கில் மூன்று பங்கு பெற்றோர். மொத்தத்தில் பாதிப் பேர் பெண்கள். நலிந்த, ஒடுக்கப்பட்ட பிரிவுப் பிள்ளைகளின் பெற்றோருக்கு விகிதப்படி இடம். மீதியில் தலைமை ஆசிரியர், ஓர் ஆசிரியர், உள்ளாட்சி உறுப்பினர், கல்வியாளர் அல்லது தன்னார்வலர் இப்படி. தமிழ்நாட்டில் 2022ல் எல்லா அரசுப் பள்ளிகளிலும் 20 பேர் கொண்ட குழுவாக அமைத்தார்கள். 2024ல் மறுகட்டமைத்தபோது 24 பேர் ஆக்கி முன்னாள் மாணவர்களையும் சேர்த்தார்கள். தலைவர் பெற்றோரில் ஒருவர், பெரும்பாலும் ஒரு தாய். பல ஊர்களில் உள்ளாட்சிப் பதவிக்காலம் 2025 ஜனவரியோடு முடிந்து தனி அலுவலர் பொறுப்புக்கு வந்ததால் உள்ளாட்சி உறுப்பினர் நாற்காலிகள் காலியாக இருக்கலாம். அதைக் காரணம் காட்டிக் கூட்டத்தைத் தள்ளிப்போட விடாதீர்கள்.

நான் உறுப்பினரே இல்லையே, எனக்கு இதில் என்ன?

நிறைய இருக்கிறது. கூட்டக் குறிப்பும் முடிவுகளும் பொதுமக்கள் பார்க்கும்படி இருக்க வேண்டும் என்று இந்தச் சட்டத்துக்கான மத்திய மாதிரி விதிகளே சொல்கின்றன. போய்க் கேட்டுப் பார்க்கலாம். கோரிக்கையை எழுதி உறுப்பினர் ஒருவரிடம் கொடுத்து அடுத்த கூட்டத்தில் வைக்கச் சொல்லலாம். உங்கள் பிள்ளை அங்கே படிக்கவே வேண்டாம், நீங்கள் அந்த ஊரில் இருந்தால் கிராம சபையில் பள்ளியைப் பற்றிப் பேசலாம். கிராம சபை இப்போது வருடத்துக்கு ஆறு முறை கூடுகிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1.

கூட்டத்துக்கு யாருமே வருவதில்லை. அக்கறை இல்லாத ஜனங்களை வைத்து என்ன திட்டம் போடுவது?

இந்தக் கேள்வி வந்தால் எனக்குக் கொஞ்சம் கோபம் வரும். மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை, மதியம் மூன்று மணி முதல் நாலரை வரை கூட்டம் போடுகிறோம். எங்கள் ஊரில் அம்மாக்கள் காலை எட்டரைக்குள் பனியன் கம்பெனிக்குள் நுழைந்தால் இரவு எட்டுக்கு மேல்தான் வெளியே வருவார்கள். சனிக்கிழமை சம்பளம் வாங்கும் ஊரில் வெள்ளிக்கிழமை அரை ஷிப்ட் விட்டுவிட்டு வா என்றால் யார் வருவார்? வரமுடியாதவர்களைப் பார்த்து அக்கறை இல்லை என்று முடிவுகட்டுவது நியாயமே இல்லை.

முறையான கூட்டம் அந்த நேரத்தில்தான் நடக்கும், வருகைப்பதிவும் பள்ளிக் கல்வித் துறையின் "பெற்றோர்" கைபேசிச் செயலியில் அப்போதுதான் ஏறும். சரி, அதை மாற்ற வேண்டாம். அதற்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் தெருவிலேயே உட்கார்ந்து பேசுங்கள். யாரும் தடுக்க முடியாது, அனுமதியும் தேவையில்லை. தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் பத்துப் பேர் நின்று அரை மணி நேரம் பேசினால் போதும். அங்கே வந்த விஷயங்களை ஒரு தாளில் எழுதி, வெள்ளிக்கிழமை போகக்கூடிய இரண்டு பேர் கையில் கொடுத்துவிடுங்கள். எங்கள் பள்ளியில் நடந்த உருப்படியான மாற்றங்கள் பெரும்பாலும் இப்படித் தெருவில் ஆரம்பித்தவைதான்.

எந்தத் தெரு என்பதும் முக்கியம். ஊர்க் கூட்டம் என்று சொல்லிக் கோயில் திண்ணையில் போட்டால் யார் வரமாட்டார்கள் என்று எல்லோருக்கும் தெரியும். பல அரசுப் பள்ளிகளில் படிக்கும் பிள்ளைகளில் பாதிக்கு மேல் காலனியிலிருந்து வருகிறவர்கள், ஆனால் பள்ளியைப் பற்றி முடிவு எடுப்பது மட்டும் மெயின் ரோட்டுப் பக்கம். ஒரு மாதம் அங்கே, அடுத்த மாதம் இங்கே என்று மாற்றி மாற்றிக் கூடினால் பாதிப் பிரச்சினை தீரும். ஒடிசா, பீகாரிலிருந்து வந்து கம்பெனிக் குடியிருப்புகளில் இருப்பவர்களின் பிள்ளைகளும் இப்போது நம் வகுப்புகளில் இருக்கிறார்கள். அவர்கள் பெற்றோருக்குத் தமிழில் அச்சடித்த அழைப்பிதழை அனுப்பி என்ன பயன்? இந்தி தெரிந்த யாரையாவது கூட்டிக்கொண்டு நேரில் போய்ச் சொல்லுங்கள்.

இன்னொன்று. வந்து உட்கார்ந்த அம்மாக்களிடம் "கையெழுத்துப் போடுங்கம்மா" என்று நோட்டை நீட்டுவதற்கு முன்னால், அதில் என்ன எழுதியிருக்கிறது என்று ஒருவர் சத்தமாகப் படிக்க வேண்டும். இதை மட்டும் வழக்கமாக்கிப் பாருங்கள், அடுத்த கூட்டத்தில் கேள்விகள் தானாக வரும்.

வளர்ச்சித் திட்டம் எழுதச் சொல்கிறார்கள். எங்கிருந்து ஆரம்பிப்பது?

நாற்காலியில் உட்கார்ந்து ஆரம்பிக்காதீர்கள். அப்படி ஆரம்பித்தால் "ஸ்மார்ட் வகுப்பறை, சி.சி.டி.வி., நுழைவாயில் வளைவு" என்றுதான் பட்டியல் வரும். பள்ளியைச் சுற்றி நடந்துவிட்டு வந்து எழுதுங்கள். இடைவேளை மணி அடிக்கும் நேரமாகப் பார்த்துப் போங்கள்.

கழிப்பறையில் தொடங்கலாம். ஒரு பள்ளியில் கழிப்பறை இருக்கிறதா என்று கேட்டால் பதிவேட்டில் "இருக்கிறது" என்று இருக்கும். நேரில் போனால்தான் தெரியும்: நான்கு அறை, ஒன்றில் உடைந்த பெஞ்சுகளை அடுக்கிப் பூட்டியிருப்பார்கள், இன்னொன்றில் கதவு கீழ்ப்பக்கம் துருப்பிடித்து ஓர் அடிக்குத் தின்றுபோயிருக்கும், மூன்றாவதில் தாழ்ப்பாள் இல்லாததால் உள்ளே ஒரு பெண் போனால் வெளியே தோழி ஒருத்தி கதவைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். குழாயின் தலை கழன்றுபோய், திருகுவதற்கு ஒரு சின்னக் கம்பியைச் சொருகி வைத்திருப்பார்கள். அந்தக் கம்பி தொலைந்த அன்று தண்ணீர் கிடையாது. ஏழாம் வகுப்புப் பெண்கள் காலையிலிருந்து தண்ணீரே குடிக்காமல் இருப்பதற்கு இதுதான் காரணம் என்று எந்தப் பதிவேட்டிலும் இருக்காது. இதில் ஆசிரியர்கள் யாரும் பொய் சொல்லவில்லை, படிவத்தில் அந்தக் கேள்வியே இல்லை, அவ்வளவுதான்.

அடுத்து குடிதண்ணீர். மேல்நிலைத் தொட்டியைக் கடைசியாக எப்போது கழுவினார்கள், தொட்டியில் தேதி எழுதியிருக்கிறதா, ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்குக் குழாய் எட்டுகிறதா? அப்புறம் சமையல் கூடம், சத்துணவு சாப்பிடும் இடத்தில் மழை பெய்தால் எங்கே உட்காருவார்கள், சுற்றுச்சுவரில் எந்த இடத்தில் நாய் நுழைகிறது, சக்கர நாற்காலி ஏறச் சாய்தளம் போட்டிருக்கிறார்களே அதன் முடிவில் ஒரு படி இருக்கிறதா (சிரிக்காதீர்கள், இருக்கிறது), வகுப்பில் மின்விசிறி எங்கே மாட்டியிருக்கிறது, பிள்ளைகள் தலைக்கு மேலேயா ஆசிரியர் மேசைக்கு மேலேயா?

இப்படிச் சுற்றினால் முப்பது விஷயம் கிடைக்கும். அதை மூன்றாகப் பிரியுங்கள். இந்த மாதமே நாம் செய்யக்கூடியது, பள்ளி மானியத்தில் செய்யக்கூடியது, அரசிடம் கேட்க வேண்டியது. தாழ்ப்பாளையும் புதிய வகுப்பறையையும் ஒரே பட்டியலில் போட்டு மேலே அனுப்பினால் வகுப்பறைக்காகக் காத்திருக்கும் தாழ்ப்பாள் மூன்று வருடம் காத்திருக்கும்.

மாதிரி விதிகளின்படி திட்டம் மூன்று ஆண்டுகளுக்கானது, அதற்குள் ஆண்டு வாரியாகப் பிரித்திருக்க வேண்டும். வகுப்பு வாரியாக எத்தனை பிள்ளைகள் வருவார்கள், எத்தனை ஆசிரியர் வேண்டும், என்ன கட்டடம், என்ன பொருள், எவ்வளவு பணம் எல்லாம் இருக்க வேண்டும். பிள்ளைகள் எண்ணிக்கையை ஊகமாகப் போடாதீர்கள். அங்கன்வாடியில் போய் இப்போது எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று கேட்டாலே அடுத்த சில வருடங்களின் ஒன்றாம் வகுப்பு ஓரளவு தெரிந்துவிடும்.

பிள்ளைகளிடம் கேட்கலாமா?

கட்டாயம். ஆனால் ஆசிரியரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு "பள்ளிக்கு என்ன வேண்டும் கண்ணு?" என்று கேட்டால் "நூலகம் வேண்டும்" என்று சொல்வார்கள். "இந்தப் பள்ளியில் எந்த இடத்துக்குப் போக உனக்குப் பிடிக்காது?" என்று கேளுங்கள். சின்னப் பிள்ளைகளை விட்டுப் பள்ளியின் வரைபடத்தைப் போடச் சொல்லி, பிடிக்காத இடத்தில் பெருக்கல் குறி போடச் சொல்லலாம். பெண் பிள்ளைகளிடம் பேசுவதற்கு அம்மாக்களில் ஒருவர் மட்டும் போகட்டும்.

தீர்மானம் எழுதினால் போதுமா? எப்படி எழுதுவது?

"கழிப்பறையைச் சீரமைக்கத் தீர்மானிக்கப்பட்டது" என்று எழுதினால் அது தீர்மானமே இல்லை, ஆசை. என்ன பழுது, எத்தனை பேருக்குப் பாதிப்பு, யார் செய்வது, எந்தப் பணத்தில், எப்போதுக்குள், இதெல்லாம் உள்ளே வர வேண்டும். உதாரணத்துக்கு:

"மாணவிகள் கழிப்பறையில் உள்ள நான்கு அறைகளில் ஒன்றுக்குக் கதவு பழுது, ஒன்றுக்குத் தாழ்ப்பாள் இல்லை, ஓர் அறை பழைய தளவாடங்களால் மூடப்பட்டுள்ளது. 6 முதல் 8ஆம் வகுப்பு வரை 61 மாணவிகள் இதைப் பயன்படுத்துகின்றனர். தளவாடங்களை அகற்றும் பணியை இம்மாதம் 20ஆம் தேதிக்குள் உறுப்பினர்கள் செய்வது எனவும், கதவும் தாழ்ப்பாளும் பள்ளி மானியத்திலிருந்து அடுத்த மாதக் கூட்டத்துக்குள் பொருத்துவது எனவும், தலைவரும் துணைத் தலைவரும் நேரில் பார்த்து அடுத்த கூட்டத்தில் தெரிவிப்பது எனவும் தீர்மானிக்கப்பட்டது."

அடுத்த கூட்டத்தின் முதல் வேலை இதைப் படித்து "முடிந்தது" அல்லது "முடியவில்லை, காரணம் இது" என்று எழுதுவது. செயலியில் ஏற்றுகிறார்களே என்று நோட்டை விட்டுவிடாதீர்கள். நோட்டில் இருப்பதும் செயலியில் ஏறியதும் ஒன்றுதானா என்று யாராவது ஓர் இளைய உறுப்பினர் தன் கைபேசியில் சரிபார்க்கட்டும்.

பணம் எங்கிருந்து வரும்?

முதலில் பள்ளி மானியம். பள்ளிக் கல்விக்கான மத்திய நிதித் திட்டமான சமக்ர சிக்ஷாவின் விதிமுறைப்படி மாணவர் எண்ணிக்கையை வைத்துத் தருகிறார்கள்: 30 பேர் வரை 10,000 ரூபாய், 100 வரை 25,000, 250 வரை 50,000, 1,000 வரை 75,000, அதற்கு மேல் ஒரு லட்சம். இதில் குறைந்தது பத்து சதவீதம் தூய்மைக்கென்று செலவழிக்க வேண்டும். 100 பிள்ளைகள் உள்ள பள்ளிக்கு வருடத்துக்கு 25,000 என்றால் மாதம் இரண்டாயிரம் சொச்சம், அதில் சாக்பீஸ் முதல் மின் பழுது வரை எல்லாம். பெரிய தொகை ஒன்றுமில்லை, ஆனால் தாழ்ப்பாளுக்கும் குழாய்க்கும் போதும். அதுவும் ஒழுங்காக வராது என்பதையும் சொல்ல வேண்டும். மத்திய அரசின் மாதிரிப் பள்ளித் திட்டமான பி.எம்.ஸ்ரீயில் தமிழ்நாடு கையெழுத்துப் போடாததால் 2024-25க்கான சமக்ர சிக்ஷா பணம் சுமார் 2,150 கோடி ரூபாயை மத்திய அரசு விடுவிக்காமல் நிறுத்தி, அது உச்ச நீதிமன்றம் வரை போனது நினைவிருக்கும். டெல்லிக்கும் சென்னைக்கும் நடக்கும் சண்டை கடைசியில் ஒரு கிராமத்துப் பள்ளியின் பினாயில் பாட்டிலில் வந்து முடிகிறது.

பெரிய வேலைகளுக்கு வேறு வழிகள். வகுப்பறை என்றால் பேராசிரியர் அன்பழகன் பள்ளி மேம்பாட்டுத் திட்டம், 2022-23 பட்ஜெட்டில் அறிவித்தது. ஊராட்சி ஒன்றியப் பள்ளிகளுக்கு ஊரக வளர்ச்சித் துறையின் குழந்தை நேயப் பள்ளி உட்கட்டமைப்புத் திட்டம் இருக்கிறது. சட்டமன்ற உறுப்பினரின் தொகுதி நிதி வருடத்துக்கு 3 கோடி, நாடாளுமன்ற உறுப்பினருக்கு 5 கோடி; சுற்றுச்சுவரோ கழிப்பறையோ கேட்க இவை நல்ல இடம். "நமக்கு நாமே" திட்டத்தில் செலவில் மூன்றில் ஒரு பங்கை மக்கள் போட்டால் மீதியை அரசு போடும், ஊரில் வசதியானவர்கள் நான்கு பேர் இருந்தால் இது சுலபமாக நடக்கும்.

எங்கே கேட்டாலும் தீர்மான நகல், நான்கு புகைப்படம், இடம் பள்ளிக்குத்தான் சொந்தம் என்பதற்கான ஆவணம், இந்த மூன்றும் கையில் இருக்க வேண்டும். கடைசியாகச் சொன்ன ஆவணம் இல்லாமல் பல வேலை நின்றுபோகும். அந்தக் காலத்தில் யாரோ புண்ணியவான் வாய் வார்த்தையாகக் கொடுத்த நிலமாக இருக்கும், பட்டா பேரன் பெயரில் இருக்கும். முதல் வருடமே இதைப் பார்த்துச் சரிசெய்யுங்கள்.

அப்படியென்றால் ஊரில் வசூல் செய்துவிடலாமே?

அவசரப்படாதீர்கள். ஊர் கொடுத்துப் பள்ளி வளர்ந்தது நமக்குப் புதிதில்லை. காமராஜர் ஆட்சியில், நெ.து.சுந்தரவடிவேலு கல்வி இயக்குநராக இருந்தபோது, பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள் நடந்தன. 1958ல் கடம்பத்தூரில் தொடங்கி மாநிலம் முழுக்கப் பரவியது. ஊர் ஊராக மக்கள் நிலம், கட்டடம், பெஞ்சு, கடிகாரம், பிள்ளைகளுக்குச் சீருடை என்று கொடுத்தார்கள். இன்றும் பல பழைய பள்ளிகளில் மேசையிலும் பீரோவிலும் கொடுத்தவர் பெயர் எழுதியிருப்பதைப் பார்க்கலாம். எனக்கு அந்த இயக்கத்தின் மேல் பெரிய மரியாதை உண்டு.

ஆனால் இப்போது ஊர்ப் பங்கேற்பு என்றாலே வசூல் என்று ஆகிவிட்டது. கொடுக்க முடிந்தவருக்குத்தான் பேச இடம் என்றால், தினக்கூலி வாங்கும் பெற்றோர் வாயைத் திறக்கவே மாட்டார்கள். அரசு செய்ய வேண்டியதை நாம் காசு போட்டுச் செய்துவிட்டால் அடுத்த வருடமும் அது நம் தலையில்தான் விழும். அதனால் எங்கள் குழுவில் ஒரு வழக்கம்: எது வேண்டும் என்று முதலில் தீர்மானம், பணம் பற்றிய பேச்சு அதற்கப்புறம். யாராவது நன்கொடையோடு வந்தாலும் பட்டியலில் உள்ளதைத்தான் செய்யச் சொல்வோம். "நான் ஒரு நுழைவாயில் வளைவு கட்டித் தருகிறேன், அப்பா பெயர் போட வேண்டும்" என்று வந்தவரிடம் அதே பெயரைக் குடிநீர்த் தொட்டியில் போட்டுக்கொள்ளலாம் என்று பேசிப் புரியவைத்த கதையெல்லாம் உண்டு.

பெற்றோரிடம் கட்டாயமாக எதுவும் வசூலிக்கவே கூடாது. ரசீது இல்லாமல் ஒரு ரூபாயும் வாங்கக் கூடாது. வெளியூரில், வெளிநாட்டில் இருக்கும் முன்னாள் மாணவர்கள் கொடுக்க விரும்பினால் 2022 டிசம்பரில் அரசு தொடங்கிய "நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி" மூலம் இந்தப் பள்ளிக்கு, இந்த வேலைக்கு என்று குறிப்பிட்டே கொடுக்கலாம். கணக்கும் சுத்தமாக இருக்கும்.

எச்.எம். (தலைமை ஆசிரியர்) ஒத்துழைக்க மாட்டேன் என்கிறார். என்ன செய்வது?

முதலில் அவர் நிலைமையைப் பாருங்கள். இரண்டு ஆசிரியர் பள்ளியில் எச்.எம். தான் ஒரு ஆசிரியர், எமிஸ் என்ற அரசின் பள்ளித் தகவல் இணையதளத்தில் விவரம் ஏற்றுவதும் அவர்தான், காலை உணவு, சத்துணவு, இலவசப் புத்தகம், சீருடை எல்லாவற்றுக்கும் பதில் சொல்வதும் அவர்தான். அதற்கு மேல் நாம் போய் "கணக்குக் காட்டுங்கள் சார்" என்று முதல் வார்த்தையிலேயே ஆரம்பித்தால் கதவைச் சாத்திக்கொள்வார். "உங்களால் மேலே கேட்க முடியாததை நாங்கள் கேட்கிறோம் சார்" என்று ஆரம்பியுங்கள். ஓர் அரசு ஊழியர் தன் மேலதிகாரியிடம் நூறு முறை கேட்டும் நடக்காதது, பெற்றோர் இருபது பேர் கையெழுத்திட்ட தீர்மானத்தோடு போனால் நடப்பதை நிறைய எச்.எம்.கள் தெரிந்தே வைத்திருக்கிறார்கள்.

அப்படியும் நோட்டைக் காட்டவில்லை, கூட்டமே போடவில்லை என்றால் வட்டாரக் கல்வி அலுவலருக்கு எழுத்தில் கொடுங்கள். வட்டார வள மையத்தில் உங்கள் பள்ளிக்கென்று ஆசிரியர் பயிற்றுநர் ஒருவர் இருப்பார், அவரிடம் சொல்லுங்கள். பள்ளிக் கல்வித் துறையின் உதவி எண் 14417. எதுவும் நகரவில்லை என்றால் பத்து ரூபாய்க் கட்டணத்தில் தகவல் உரிமைச் சட்ட மனு, 30 நாளில் பதில் தர வேண்டும். ஆனால் மனுவில் தொடங்காதீர்கள். ஒரே வளாகத்தில் நம் பிள்ளைகள் தினமும் அவரிடம்தான் படிக்கப் போகிறார்கள்.

ஆசிரியர் இல்லை. அதற்குக் குழு ஏதாவது செய்ய முடியுமா?

நிரந்தரப் பணியிடம் அரசு கையில். சட்டத்தின் அட்டவணைப்படி ஒன்று முதல் ஐந்து வரை 60 பிள்ளைகளுக்கு இரண்டு ஆசிரியர், 90 வரை மூன்று, 120 வரை நான்கு. ஆறு முதல் எட்டு வரை வகுப்புக்கு ஒருவராவது, 35 பிள்ளைக்கு ஒருவர். இதை வைத்து உங்கள் பள்ளிக்கு எத்தனை பேர் குறைவு என்று கணக்குப் போட்டு திட்டத்திலேயே எழுதுங்கள்.

தற்காலிகமாக, 2022ல் 13,331 காலியிடங்களைக் குழுக்கள் மூலமே நிரப்ப அரசு அனுமதித்தது. இடைநிலை ஆசிரியருக்கு முதலில் மாதம் 7,500 ரூபாய், பட்டதாரிக்கு 10,000, முதுநிலைக்கு 12,000. பின்னால் 12,000, 15,000, 18,000 என்று கூட்டினார்கள். இப்படி அனுமதி வரும்போது தகுதி பார்க்காமல் தெரிந்தவர் பெண்ணை, கட்சிக்காரர் மருமகளைப் போடச் சொல்லி அழுத்தம் வரும், தயாராக இருங்கள். வாங்கும் சம்பளத்துக்கு அந்த ஆசிரியர்கள் உழைக்கும் உழைப்பைப் பார்த்தால் நமக்கே வெட்கமாக இருக்கும், அது தனிக் கதை.

கட்டடம் விரிசல் விட்டிருக்கிறது. அடுத்த கூட்டம் வரை பொறுக்கலாமா?

கூடாது. 2021 டிசம்பரில் திருநெல்வேலியில் ஒரு பள்ளியின் கழிப்பறைச் சுவர் இடிந்து மூன்று மாணவர்கள் இறந்தார்கள். அன்றே படம் எடுத்து எச்.எம்., வட்டாரக் கல்வி அலுவலர், ஒன்றிய அலுவலகம் மூன்றுக்கும் அனுப்புங்கள், அந்தப் பக்கம் பிள்ளைகள் போகாமல் கயிறு கட்டச் சொல்லுங்கள். இடிக்க உத்தரவு வந்தால் மாற்று வகுப்பறை எங்கே என்று அப்போதே கேளுங்கள். இடித்துவிட்டு, மரத்தடியில் வருடக்கணக்கில் வகுப்பு நடக்கும் இடங்களும் உண்டு.

படிப்பைப் பற்றிப் பேச நமக்கு உரிமை உண்டா? நாங்கள் எட்டாவது கூடத் தாண்டவில்லை.

உண்டு. பாடம் எப்படி நடத்த வேண்டும் என்று ஆசிரியருக்குச் சொல்லித்தர நாம் போகவில்லை. மூன்றாம் வகுப்பில் எத்தனை பேர் ஒரு பத்தியைத் தட்டுத் தடுமாறாமல் படிக்கிறார்கள், எத்தனை பேரால் முடியவில்லை என்று கேட்க எந்தப் பட்டமும் வேண்டாம். எண்ணிக்கை மட்டும் கேளுங்கள், பிள்ளைகள் பெயர் வேண்டாம். கூட்டத்தில் பெயரைச் சொன்னால் அன்று இரவு வீட்டில் அடிதான் விழும். 2022ல் எண்ணும் எழுத்தும் திட்டம் வந்ததிலிருந்து தொடக்க வகுப்புகளில் பிள்ளைகளை நிலை வாரியாகப் பார்த்து வைத்திருக்கிறார்கள், ஆகவே ஆசிரியரிடம் விவரம் இருக்கும். பின்தங்கிய பிள்ளைகளுக்குச் சாயங்காலம் ஒரு மணி நேரம் உட்கார ஊரில் படித்த பெண்கள் யாராவது கிடைப்பார்களா என்பதையும் குழு யோசிக்கலாம்.

தீர்மானம் போட்டு ஒரு வருடம் ஆகிவிட்டது, ஒன்றும் நடக்கவில்லை. விட்டுவிடலாமா?

எந்த மேசையில் நிற்கிறது என்று கண்டுபிடியுங்கள். "அனுப்பிவிட்டோம்" என்றால் எந்தத் தேதியில், எந்த எண்ணில்? அந்த எண்ணோடு ஒன்றிய அலுவலகப் பொறியாளரிடம் போனால் மதிப்பீடு போடவே இல்லை என்பது தெரியவரும், அல்லது மதிப்பீடு போட்டு நிதி ஒதுக்கீட்டுக்குக் காத்திருக்கும். இரண்டுக்கும் கேட்க வேண்டிய ஆள் வேறு. தேர்தல் வரும் வருடமாக இருந்தால் கொஞ்சம் சுறுசுறுப்பு கூடும், அதைப் பயன்படுத்திக்கொள்வதில் தப்பே இல்லை. ஒரு கட்சிக்காரரை மட்டும் கூப்பிட்டுப் பேசினால் மற்றவர் தடுப்பார், ஆகவே எல்லோருக்கும் ஒரே மனுவை ஒரே நாளில் கொடுங்கள்.

என் பிள்ளை இந்த வருடம் எட்டாவது முடித்து வேறு பள்ளிக்குப் போகிறது. நான் குழுவில் தொடரலாமா?

பெற்றோர் என்ற முறையில் முடியாது, அந்த இடத்துக்கு அங்கே படிக்கும் பிள்ளையின் பெற்றோர் வருவார். நீங்களே அந்தப் பள்ளியில் படித்தவர் என்றால் முன்னாள் மாணவராக வர வாய்ப்பு உண்டு. போவதற்கு முன் தீர்மான நகல்கள், மனு கொடுத்த ரசீதுகள், எடுத்த படங்கள் எல்லாவற்றையும் ஒரு கோப்பில் போட்டுப் புதியவரிடம் கொடுத்து, ஒன்றிய அலுவலகத்துக்கு ஒரு தடவை அவரையும் கூட்டிக்கொண்டு போய் எந்த அறையில் யாரைப் பார்க்க வேண்டும் என்று காட்டிவிடுங்கள்.